உப்புக்காற்றில் வீட்டுத் தோட்டமும் வற்றலும்: உச்சிப்புளிப் பக்கத்துக்கு என்ன பொருந்தும்?

கேள்வி – உச்சிப்புளி இல்லத்தரசி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மதுரைப் பக்கத்திலிருந்து வந்து, உச்சிப்புளிக்குத் தெற்கே, கடலுக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். வீட்டின் பின்புறம் ஏறக்குறைய நான்கு சென்ட் இடம் வெறும் மணலாகக் கிடக்கிறது. அந்த இடத்தில் குடும்பத்துக்குத் தேவையான காய்கறிகளை விளைவிக்க வேண்டும், மிஞ்சுவதை வற்றலாகவும் ஊறுகாயாகவும் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

குடிப்பதற்குக் குழாய்த் தண்ணீர் வருகிறது. தோட்டத்துக்கு உறைகிணற்றுத் தண்ணீரைத்தான் நம்பியிருக்கிறோம். அந்தத் தண்ணீர் நாக்கில் சற்றே கரிக்கிறது. வடிகட்டும் இயந்திரம் பழுதுபார்க்க வந்தவர் தன்னிடமிருந்த கருவியை அதில் வைத்துப் பார்த்தபோது டி.டி.எஸ். (நீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பின் அளவு) 1,500 என்று காட்டியது. அவரை, பீன்ஸ் இரண்டும் முளைத்து நான்கைந்து இலை விட்டதும் ஓரம் கருகி உதிர்ந்துவிடுகின்றன. தக்காளி காய்க்கிறது, ஆனால் காய்கள் சிறுத்துப்போகின்றன. கத்தரி மட்டும் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. ஜிப்சம் போட்டால் உப்பு போய்விடும் என்று உரக்கடையில் சொல்கிறார்கள்; அது உண்மையா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

வற்றலிலும் இதே போன்ற சிக்கல் இருக்கிறது. என் மாமியார் மதுரையில் செய்யும் அதே முறையில், அதே அளவு உப்பும் மோரும் சேர்த்து, மிளகாயும் சுண்டைக்காயும் காய வைக்கிறோம். அங்கே ஓர் ஆண்டு வரை மொறுமொறுப்பாக இருப்பது, இங்கே சில வாரங்களிலேயே பிசுபிசுத்து, வெண்ணிறப் பூஞ்சணம் பூத்துவிடுகிறது. எலுமிச்சை ஊறுகாயின் மேல்பரப்பிலும் ஆடை படிகிறது. இந்தக் கடற்கரைக்கென்று தனியான பயிர்களும், தனியான பருவமும், தனியான பக்குவமும் இருக்கும் என்று நம்புகிறேன். அனுபவமுள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில் 1 – தங்கச்சிமடம் தோட்டக்காரர்

வணக்கம் அம்மா. நீங்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது உங்கள் கிணற்றைத்தான். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு. வடக்கே பாக் நீரிணைக்கும் தெற்கே மன்னார் வளைகுடாவுக்கும் இடைப்பட்ட இந்த மணல்திட்டில், மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியிலிருக்கும் உப்புநீரின் மேல் எண்ணெய் போல மிதந்து நிற்கிறது. நன்னீரைவிடக் கடல்நீர் சற்றுக் கனமானது என்பதால்தான் இது நடக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயரத்துக்கு நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இதன் மறுபக்கம் கொடியது. மோட்டார் போட்டு மேல்மட்டத்தைத் தொடர்ந்து ஓர் அடி இறக்கினால், நாளடைவில் அடியிலிருக்கும் உப்புநீர் பல மடங்கு மேலேறி வந்துவிடும். எனவே இந்தப் பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் முன்னோர் மணலில் ஆழமில்லாத ஊற்றுத் தோண்டி, வாளியால் மெல்ல மெல்ல இறைத்ததன் காரணம் இதுதான். மோட்டார் வைத்திருந்தாலும் காலையில் சிறிது நேரம், மாலையில் சிறிது நேரம் என்று பிரித்து இறையுங்கள். தொட்டியை ஒரே மூச்சில் நிரப்ப வேண்டாம்.

ஒரே கிணறு கார்த்திகையில் ஒரு தண்ணீரும் சித்திரையில் வேறொரு தண்ணீரும் தரும். டி.டி.எஸ். கருவி விலை குறைவுதான்; ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை அளந்து எழுதி வாருங்கள். 1,500 என்பதை 640 ஆல் வகுத்தால், உப்பு கூடக் கூட ஏறும் மின்கடத்தும் திறன், மீட்டருக்கு 2.3 டெசிசீமன்ஸ் அளவில் வரும். பாசனத்துக்கு 0.7க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 0.7 முதல் 3 வரை கவனம் தேவை. 3க்கு மேல் போனால் பெரும்பாலான காய்கறிகளுக்கு ஆகாது என்பது உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் வழிகாட்டல். நீங்கள் நடுப்பகுதியில் இருக்கிறீர்கள்.

நம் மணலுக்கு ஒரு நற்குணம் உண்டு. களிமண்ணைப் போல அது உப்பைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. வடகிழக்குப் பருவமழையில் நன்றாக நனைந்த இரண்டு மூன்று நாட்களில், வேர் மட்டத்திலிருக்கும் உப்பு கீழே இறங்கிவிடும். ஆகவே ஆடிப்பட்டம் தேடி விதைப்பது உங்கள் ஊரில் வழக்கமாக இருந்தாலும் இங்கே அது பொருந்தாது. ஆடியில் இங்கே தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மணலை வாரியடிக்கும், கிணற்றுநீரும் கரிப்பின் உச்சத்தில் இருக்கும். ஆவணிக் கடைசியிலோ புரட்டாசியிலோ நிழலில் நாற்றங்கால் போடுங்கள்; அதற்கு மட்டும் குழாய்த் தண்ணீரையோ சேமித்த மழைநீரையோ பயன்படுத்துங்கள், ஏனென்றால் முளைக்கும் பருவத்திலும் நாற்றுப் பருவத்திலும்தான் செடி உப்புக்கு மிகவும் அஞ்சும். ஐப்பசியில் மண் நன்றாக நனைந்த பிறகு நடுங்கள். மார்கழியிலிருந்து பங்குனி வரை பறிக்கலாம். அதற்குப் பிறகு முருங்கை, சுண்டை, கொத்தவரை, கீரை ஆகியவற்றை மட்டும் காப்பாற்றிக்கொண்டு மற்ற பாத்திகளுக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள். ஆண்டு முழுவதும் எல்லாக் காயும் வேண்டும் என்று உப்புநீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் மண்ணும் கெடும், கிணறும் கெடும்.

மழைநீரைச் சேமிப்பதில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஒரு லிட்டர். 500 சதுர அடி மாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,300 லிட்டர் தண்ணீர் வரும். முதலில் வரும் அழுக்குநீரை ஒதுக்கினாலும் 1,800 லிட்டருக்குக் குறையாது. ஒரு தொட்டியில் அதைப் பிடித்துவைத்தால் அடுத்த பட்டத்து நாற்றங்காலுக்கு மட்டுமல்ல, காற்றடித்த மறுநாள் காலையில் இலைமேல் படிந்த உப்பைக் கழுவவும் உதவும். மிஞ்சுவதைக் கிணற்றோரக் குழியில் இறக்குங்கள். நன்னீர் அடுக்கு தடிக்கும்.

கிணற்றுநீரை ஒருபோதும் இலைமேல் தெளிக்கக் கூடாது. நீங்கள் சொல்லும் ஓரக்கருகலில் பாதி அதனால்கூட வந்திருக்கலாம். வேரடியில், அதிகாலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ, ஆழமாக ஊற்றுங்கள். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் நீர் ஆவியாகி உப்பு மட்டும் மேலே தங்கும். பாத்திமேல் காய்ந்த பனையோலை, வாழைச்சருகு, கடலைத்தோல் எதையாவது நான்கு விரல் கனத்துக்குப் பரப்பிவையுங்கள். தெற்குப் பக்கமும் வடகிழக்குப் பக்கமும் பனைமட்டை வேலி அவசியம். கச்சானுக்கு ஒன்று, வடகிழக்கு வாடைக்காற்றுக்கு ஒன்று. வேலியை நெருக்கமாக அடைத்துவிடாதீர்கள். காற்று பாதி நுழைந்து வேகம் குறையும்படி இடைவெளி இருந்தால்தான் செடிக்கு நல்லது. முழுவதும் அடைத்தால் காற்று மேலேறி உள்ளே சுழன்று விழும்.

மண்ணைப் பொறுத்தவரை நான்கு சென்ட் முழுவதையும் திருத்த முயல வேண்டாம். செடிக்கொரு குழியாக ஒன்றரை அடி தோண்டி, கண்மாய்க் கரம்பை (வண்டல் களிமண்) ஒரு பங்கு, நன்கு மக்கிய ஆட்டெரு ஒரு பங்கு, தோண்டிய மணல் இரண்டு பங்கு என்று கலந்து நிரப்புங்கள். முருங்கைக்கு இதுவும் தேவையில்லை. பெரியகுளம் பி.கே.எம். 1 செடிமுருங்கை விதையை மழை தொடங்கும் முன்பே குழியில் நேரடியாக ஊன்றிவிடலாம்.

பதில் 2 – மண் பரிசோதனைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர்

தோட்டக்காரர் ஐயா சொன்ன பருவக்கணக்கு முற்றிலும் சரியானது. ஆனால் ஓர் எண்ணைத் திருத்த வேண்டியிருக்கிறது. வீடுகளில் பயன்படுத்தும் மலிவான டி.டி.எஸ். கருவிகளில் பல, மின்கடத்தும் திறனை அளந்து, அதைப் பாதியாக்கித்தான் திரையில் காட்டுகின்றன. அப்படிப்பட்ட கருவியாக இருந்தால் 1,500 என்பதன் பின்னாலிருக்கும் உண்மையான அளவு 2.3 அல்ல, 3 டெசிசீமன்ஸ். கருவியின் அட்டையில் மாற்றுக்காரணி 0.5 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சில கருவிகளில் மின்கடத்தும் திறனையே நேராகக் காட்டும் பொத்தான் உண்டு. அதைப் பயன்படுத்துவது நல்லது.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், 3 அளவுள்ள நீரைத் தொடர்ந்து பாய்ச்சினால், வேரடியில் ஓரளவு வடிகால் இருந்தும் மண்கரைசலின் உப்பு அதைப்போல ஒன்றரை மடங்கு, அதாவது 4.5 அளவுக்கு வந்து நிற்கும். இப்போது உங்கள் செடிகளை இந்த எண்ணோடு பொருத்திப் பாருங்கள். பீன்ஸ் 1 வரைதான் தாங்கும். அதற்குமேல் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சல் ஏறத்தாழ 19 விழுக்காடு குறையும் என்பது ஆய்வு அட்டவணைகளின் கணக்கு. 4.5இல் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். தக்காளி 2.5 வரை தாங்கும், பிறகு அலகுக்குப் பத்து விழுக்காடு குறையும். எனவே உங்களுக்குக் காய் சிறுத்துக் கிடைக்கிறது. கத்தரியின் நிலை வேறு. அது 1.1இலேயே உப்பை உணரத் தொடங்கிவிடுகிறது, ஆனால் குறையும் வேகம் அலகுக்கு ஏழு விழுக்காடுதான். ஆகவேதான் அது உங்கள் தோட்டத்தில் நின்றுகொண்டிருக்கிறது. வெங்காயம், மிளகாய், முள்ளங்கி, கேரட் எல்லாம் பீன்ஸின் பக்கம் சாய்ந்தவை. மழைக்காலத்தைத் தவிர வேறு பருவத்தில் அவற்றை வைக்காதீர்கள்.

இனி மகிழ்ச்சியான பகுதி. தட்டைப்பயறு 4.9 வரை தாங்கும். பருப்புக்கீரை 6.3 வரை தாங்கும். கொத்தவரை 8.8 வரை விளைச்சல் குறையாமல் நிற்கும் என்று அட்டவணைகள் சொல்கின்றன. பீன்ஸும் அவரையும் தராத இடத்தில் இந்த மூன்றும் உங்கள் அடுக்களையை நிரப்பும். பீட்ரூட்டும் 4 வரை தாங்கும், ஆனால் முளைக்கும்போது மட்டும் நல்ல தண்ணீர் கேட்கும். இந்த எண்கள் குறிப்பிட்ட ரகங்களை வைத்து, குறிப்பிட்ட சூழலில் எடுக்கப்பட்டவை. உள்ளூரில் தலைமுறை தலைமுறையாக விதை எடுத்து வைத்திருப்பவர்களிடம் கத்தரி விதையும் தட்டை விதையும் கேட்டு வாங்குங்கள், கடை விதையைவிட அவை நம் மண்ணை அறிந்தவை.

ஜிப்சத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜிப்சம் உப்பைப் போக்கும் மருந்து அல்ல. மண்துகள்களில் சோடியம் ஒட்டிக்கொண்டு, கார அமிலநிலை (பி.எச்.) 8.5ஐத் தாண்டி, தண்ணீர் இறங்காமல் இறுகிக் கிடக்கும் களர்மண்ணில், சோடியத்தின் இடத்தில் கால்சியத்தை வைப்பதற்காக அதைப் போடுகிறோம். பிறகு நல்ல தண்ணீர் விட்டு அந்தச் சோடியத்தை வடித்தாக வேண்டும். தண்ணீர் தடையின்றி இறங்கும் வெறும் மணலில் ஜிப்சம் போட்டால் பணம்தான் மணலில் இறங்கும். ஜிப்சமும் ஓர் உப்புதான் என்பதையும் நினைவில் வையுங்கள். கரம்பையின் விஷயத்தில் நான் சற்றுக் கண்டிப்பாகவே சொல்வேன்: எந்தக் கண்மாயிலிருந்து வந்தது என்று தெரியாமல் ஒரு வண்டி இறக்கிவிடாதீர்கள். கடலோரக் கண்மாய்களின் கடைமடைப் பக்கத்து வண்டலில் உப்பும் சோடியமும் ஏறியிருக்கக்கூடும். ஒரு பங்கு கரம்பையை ஐந்து பங்கு மழைநீரில் கலக்கி, தெளிந்த நீரில் உங்கள் கருவியை வைத்துப் பாருங்கள். அது கிணற்றுநீரை நெருங்கினால் அந்தக் கரம்பை வேண்டாம்.

ராமநாதபுரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இந்தச் சிக்கலுக்காகவே இயங்குவது. நேரில் போய்க் கேளுங்கள். மண் மாதிரியைப் பங்குனி, சித்திரையில் எடுத்தால்தான் மேல்மண்ணின் உப்பு முழுமையாகத் தெரியும். மழை முடிந்த கையோடு எடுத்தால் மண் நல்ல மண்ணாகவே தோன்றும். பல இடங்களில் அரையடி ஆழம் வரை சுரண்டி எடுத்து, ஒன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை நீக்கி நீக்கி அரைக்கிலோவுக்குக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

கரையில் ஒதுங்கும் கடல்தாழை என்னும் கடற்புல்லைச் சிலர் மூடாக்காகப் போடுகிறார்கள். காய்ந்து ஒதுங்கியதை மட்டும் எடுத்து, ஒரு மழைக்காலம் முழுவதும் திறந்தவெளியில் நனையவிட்டு உப்பு நீங்கிய பிறகு போட்டால் தவறில்லை. உயிரோடிருப்பதைப் பிடுங்கவே கூடாது. மீனும் கடற்பசுவும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

பதில் 3 – கீழக்கரை லாத்தா

மேலே இருவரும் தோட்டத்தை முழுமையாகச் சொல்லிவிட்டார்கள். நான் அடுக்களையைச் சொல்கிறேன் சகோதரி.

உங்கள் மாமியாரின் பக்குவத்தில் எந்தக் குறையும் இல்லை, காற்றுதான் வேறு. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். நம் கடற்கரையில் இரவிலும் அதிகாலையிலும் ஈரப்பதம் பெரும்பாலும் அதற்கு மேல்தான் இருக்கிறது. மதுரைப் பக்கத்து வறண்ட காற்றில் வற்றலைக் காக்கும் அதே உப்பு, இங்கே மூடாத டப்பாவில் இருந்தால் ஈரத்தை அழைத்துக்கொண்டு வந்து உள்ளே வைக்கிறது. புதிதாக வாரிய கல்லுப்பில் இது இன்னும் மோசம். அதில் ஒட்டியிருக்கும் மக்னீசியம் குளோரைடு, 33 விழுக்காடு ஈரப்பதத்திலேயே நீரை இழுக்கும். வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களிலிருந்து வரும் கல்லுப்பை வாங்கினால், ஒரு கோணியில் கட்டி, அடியில் பலகை வைத்து, சில மாதங்கள் நீர் வடியவிட்ட பிறகே வற்றலுக்கும் ஊறுகாய்க்கும் எடுங்கள். கசப்பும் போகும், பிசுபிசுப்பும் குறையும். அத்துடன் வற்றலுக்கான உப்பை உங்கள் ஊர் அளவில் முக்கால் பங்காகக் குறைத்துவிடுங்கள். இங்கே வற்றலைக் காப்பது முழுமையான காய்ச்சலும் காற்றுப்புகாத மூடியும்தான்.

வற்றல் போடும் பருவம் மாசிப் பாதியிலிருந்து சித்திரை முடிய. தோட்டத்தில் காய் குவியும் காலமும் அதுவே என்பதால் இரண்டும் ஒன்றையொன்று தேடி வருகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் காயும் என்று தொடங்கவே வேண்டாம். காலை ஒன்பது மணிக்குப் பனிஈரம் விலகிய பிறகு வெளியே எடுங்கள். பிற்பகல் நான்கு மணிக்கு முன்னால், கடற்காற்றில் ஈரம் ஏறுவதற்குள், உள்ளே கொண்டுவந்து மூடியுள்ள பாத்திரத்தில் கொட்டி மூடிவிடுங்கள். இரவில் முற்றத்தில் விடுவது மட்டுமல்ல, திறந்த தட்டில் வீட்டுக்குள் விடுவதும் பகலில் போன ஈரத்தைத் திரும்பக் கொடுத்துவிடும். மணல் பறக்கும் இடம் என்பதால் தரையில் பரப்பாமல், கயிற்றுக் கட்டிலில் பனையோலைப் பாய் விரித்து, மேலே மெல்லிய வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். பக்கத்தில் யாராவது கருவாடு காய வைத்திருந்தால் கட்டிலைக் காற்று வரும் திசைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வாடையும் ஈயும் அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

கொத்தவரங்காய்தான் என் கணிப்பில் இந்தக் கடற்கரைக்கு முதல் வற்றல். பிஞ்சாகப் பறித்து, உப்பிட்ட கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, நீரை வடித்துக் காய வையுங்கள். மோரில் ஊறவைக்கத் தேவையில்லை, ஆகவே ஈரம் இழுக்கும் தன்மையும் குறைவு. சுண்டைக்காயை லேசாகத் தட்டி விதையைக் கழுவி, புளித்த மோரில் உப்புச் சேர்த்து ஓர் இரவு ஊறவைத்து, பகலில் காய வைத்து, மாலையில் மீண்டும் அதே மோரில் போட்டு, மோர் வற்றும் வரை இப்படியே தொடர வேண்டும். மணத்தக்காளிக்கும் அதே முறைதான், தட்டாமல். கத்தரிக்காயை நான்காகக் கீறி, மஞ்சளும் உப்பும் கலந்த நீரில் அரைவேக்காடு வேகவைத்துக் காய வைத்தால், மழைக்காலத்தில் கருவாட்டுக் குழம்புக்கு அதைவிடச் சிறந்த துணை இல்லை.

மிளகாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய், உருண்டையாகவும் தடித்த தோலோடும் இருப்பது. அந்தத் தோல்தான் அதன் மணத்துக்கும் காரணம், காய்வதற்கு நேரம் எடுப்பதற்கும் காரணம். பழுத்ததைப் பறித்ததும் ஓர் இரவு நிழலில் குவித்து வைத்தால் நிறம் ஒரே சீராக ஏறும். அதற்குமேல் குவித்து வைத்தால் உள்ளே புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். பிறகு மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி புரட்டி, குலுக்கினால் விதை கலகலவென்று ஒலிக்கும் வரை காய வையுங்கள். உள்ளே கறுத்தோ வெளுத்தோ பூஞ்சணம் பூத்த மிளகாயைத் துடைத்துப் பயன்படுத்தவே கூடாது. அதில் உண்டாகக்கூடிய அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு, கல்லீரலைக் கெடுப்பது. வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் முழுமையாக அழியாது. நீங்கள் சொன்ன பூஞ்சணம் பூத்த வற்றல் மீதமிருந்தால் தயவுசெய்து வெயிலில் மீண்டும் காய வைத்துச் சாப்பிடாதீர்கள், கொட்டிவிடுங்கள்.

வற்றல் உண்மையிலேயே காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு பிடியை உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் போட்டு இறுக மூடி, நடுவெயிலில் அரைமணி நேரம் வையுங்கள். உட்புறத்தில் ஆவி படிந்தால் இன்னும் இரண்டு வெயில் வேண்டும். பிளாஸ்டிக் டப்பாவும் ஓலைக்கொட்டானும் இங்கே வற்றலுக்கு நீண்டநாள் தாங்குவதில்லை. ரப்பர் வளையம் வைத்த கண்ணாடிப் புட்டிகளைச் சிறியனவாகப் பல வாங்கி, ஒரு புட்டியை முடித்த பிறகே அடுத்ததைத் திறக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய டப்பாவைத் தினமும் திறந்தால் தினமும் கடற்காற்று உள்ளே போகும்.

ஊறுகாயின் ஆடை, காய்த்துண்டு நீருக்கு மேலே தலைநீட்டுவதால் வருவது. ஒரு கிலோ எலுமிச்சைக்கு 200 கிராம் உப்பு போட்டு, பீங்கான் ஜாடியில் அழுத்தி, சாறு துண்டுகளை மூடும் வரை நாள்தோறும் குலுக்குங்கள். சாறு போதவில்லை என்றால் இன்னும் இரண்டு பழத்தைப் பிழியுங்கள். மிளகாய்த்தூள் சேர்த்த பிறகு, காய்ச்சி ஆறிய நல்லெண்ணெய் ஒரு விரல் உயரத்துக்கு மேலே நிற்க வேண்டும். எலுமிச்சையும் மாங்காயும் தம் புளிப்பாலேயே பாதுகாப்பானவை. பூண்டு ஊறுகாய் அப்படியல்ல. புளிப்பில்லாத பூண்டை எண்ணெயில் மூழ்கடித்து வெளியே வைப்பது ஆபத்து. கார அமிலநிலை 4.6க்குக் கீழே போகவில்லை என்றால், காற்றில்லாத எண்ணெய்க்கடியில் பொட்டுலினம் என்ற கொடிய நச்சுக்கிருமி வளரக்கூடும், மணத்தாலோ நிறத்தாலோ அது தெரியாது. பூண்டுக்கு எலுமிச்சைச் சாறோ கெட்டிப்புளியோ தாராளமாகச் சேருங்கள், சிறிதளவாகச் செய்து குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.

கேட்டவர் – உச்சிப்புளி இல்லத்தரசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கருவியின் பின்புறம் பார்த்தேன். ஐயா சொன்னபடியே 0.5 என்றுதான் அச்சிட்டிருக்கிறது. அவரைப் பந்தலைப் பிரித்துவிட்டுக் கொத்தவரையும் தட்டைப்பயறும் ஊன்றலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். இரண்டு ஐயங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. கொத்தவரையையும் தட்டைப்பயறையும் இப்போதே, பங்குனியில், கிணற்றுநீரில் தொடங்கலாமா, ஐப்பசி வரை காத்திருக்க வேண்டுமா? லாத்தா, வீட்டில் முன்பே இருக்கும் முருங்கையில் இலை மண்டிக் கிடக்கிறது; அதைக் காய வைத்துப் பொடியாக்கினால் இந்தக் காற்றில் நிற்குமா?

பதில் 4 – தங்கச்சிமடம் தோட்டக்காரர்

கொத்தவரையை இப்போதே ஊன்றலாம் அம்மா. விதையைக் குழாய்த் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, முளைத்து மூன்று இலை விடும் வரை குழாய்த் தண்ணீரே ஊற்றுங்கள். அதன்பின் கிணற்றுநீருக்கு மாறலாம். வைகாசியில் கச்சான் தொடங்குவதற்குள் முதல் பறிப்பு கிடைத்துவிடும். தட்டைப்பயறு 4.9 வரை தாங்கும் என்று ஐயா சொன்ன எண்ணுக்கும் உங்கள் மண் வந்து நிற்கக்கூடிய 4.5க்கும் இடைவெளி மிகக் குறைவு; சித்திரையில் கிணறு இன்னும் கரிக்கும். எனவே அதை ஐப்பசிக்கே வைத்துக்கொள்ளுங்கள். விதை போதுமான அளவு இருந்தால் ஒரு ஓரத்தில் ஐந்தாறு விதை ஊன்றிப் பார்ப்பதில் இழப்பில்லை. பிரித்த அவரைப் பந்தலை எரித்துவிடாதீர்கள், ஐப்பசியில் சுரைக்கும் பாகலுக்கும் வேண்டியிருக்கும்.

பதில் 5 – கீழக்கரை லாத்தா

முருங்கையிலை நிற்கும் சகோதரி, உப்பு சேராத பொருள் என்பதால் வற்றலைவிட நன்றாகவே நிற்கும். வெயிலில் மட்டும் போடாதீர்கள்; வெயில் பட்டால் பச்சை நிறம் வெளுக்கும், வைட்டமின் ஏ சத்தாக மாறக்கூடிய பொருளும் பெருமளவு அழிந்துவிடும். கடற்காற்றில் இலைமேல் உப்பு படிந்திருக்கும் என்பதால், பறித்ததும் நல்ல தண்ணீரில் இரண்டுமுறை அலசியாக வேண்டும். துணியில் நீரை ஒற்றி எடுத்து, காற்றோட்டமுள்ள அறையில், மின்விசிறிக்கு அடியில், ஒன்றன்மேல் ஒன்று படியாமல் பரப்பி வையுங்கள். பகலில் மட்டும் சன்னல்களைத் திறந்து, மாலையில் மூடிவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். அதற்குமேல் நீடித்தால் இலை கறுத்துப் புழுங்கல் வாடை வரும், அதைப் பயன்படுத்த வேண்டாம். காம்பு நீக்கிய இலையை இரு விரல்களுக்கிடையே தேய்த்தால் நொறுங்க வேண்டும், மடங்கினால் ஈரம் இருக்கிறது என்று பொருள். பொடியாக்கியதும் சிறு புட்டிகளில் நிரப்பி, வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள். தேவைக்கேற்ப மாதந்தோறும் கொஞ்சமாகப் பொடித்துக்கொண்டு, மீதியை இலையாகவே மூடி வைத்தால் மணம் இன்னும் நன்றாக இருக்கும்.